தெருவும் முறையும்

வேலிச் சண்டை யாழ்ப்பாணத்தாரின் பழைய முதுசங்களுள் ஒன்று. கதியால் ஒன்று பட்டுப்போகும். அதற்குப் பதிலாக நட்ட புதிய கதியால் ஒரு சாண் அப்பால் நின்றுவிடும். அது தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்பதை அறியப் பத்தாண்டு வழக்கு நடைபெறும். முடிவில் வென்றவருக்குக் கிடைத்த நிலத்தில் ஒரு பூசணிக்கொடி படரவும் இடம் இராது. வழக்குச் செலவுக்கென அவர் நல்ல தோட்டக் காணி ஒன்றை ஈடு வைத்திருப்பார். இவ்வாறு ஒரு சாண் நிலத்துக்காக நாலு பரப்பு நிலத்தை இழந்தவரைப் பற்றிய கதை இல்லாத ஊர் நம்மிடையே இல்லை.

இக்காலத்திலே கிடுகு வேலிகள் அருகிவிட்டன. அவற்றின் இடத்தைச் சீமெந்துக் கல் மதில்கள் பிடித்துக்கொண்டன. மதில் நகராது, ஆகவே சண்டையும் ஓய்ந்திருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஓயவில்லை. அது படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. “என் காணிக்குள் உன் வேலி ஏன் வந்தது?” என்பது அக்கால வினா. “என் வீட்டு வாசலில் உன் வாகனம் ஏன் நிற்கிறது?” என்பது இக்கால வினா. கேட்பவரின் குரலில் உள்ள சூடு மாத்திரம் மாறவில்லை.

இதற்குக் காரணம் மக்கள் கெட்டுப்போனமை அன்று. தெரு சிறுத்துப்போனமையும் அன்று. தெரு முன்னிருந்த அளவிலேயே இருக்கின்றது என்பதுதான் தொல்லை. நம் ஒழுங்கைகள் மாட்டு வண்டி ஒன்று போய்வருவதற்கென அமைந்தவை. வேலை முடிந்து மாட்டை அவிழ்த்தால், வண்டி வளவுக்குள் மரநிழலிற் போய் நிற்கும். 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிலவும், எண்ணிறந்த துவிச்சக்கர வண்டிகளுமே தெருவை ஆண்டன. துவிச்சக்கர வண்டியை மதிலோடு சாய்த்துவைத்தால் அதற்கு வேண்டிய இடம் ஒரு முழம்.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து, ஏ9 பாதை மீண்டும் திறந்த பின்னர், தவணைக் கடனுக்கு வாகனம் வாங்கும் வழக்கம் பெருகிற்று. 2020 மார்ச்சு மாதத்தில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் அத்தடை நீங்கியது. வாகனங்கள் மீண்டும் வந்து இறங்கின; ஒழுங்கையோ ஓரடியும் அகலவில்லை. ஒரு கார் தெருவோரத்தில் நிற்பதற்கு ஏறக்குறைய ஐந்து மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமும் வேண்டும். மாட்டு வண்டி ஒழுங்கையில் அவ்வளவு இடத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு எஞ்சுவது என்ன?

தலைநகரின் நிலையும் இதுவே. வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் குறுக்குத் தெருக்களைப் பாருங்கள். முன்னர் ஒரு குடும்பம் வாழ்ந்த வளவில் இன்று மாடிமேல் மாடியாகப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டடத்துக்கு அனுமதி பெறும்போது வரைபடத்தில் வாகனத்துக்கு இடம் காட்டப்படுகின்றது. பின்னர் அவ்விடம் சிற்சில வீடுகளிற் கடையாகவும் களஞ்சியமாகவும் மாறிவிடுகின்றது. வரைபடத்திலே நின்ற கார் அப்போது தெருவுக்கு வந்துவிடுகின்றது.

தெரு யாருடையது?

அயலவரோடு வாதிக்க எழுமுன் இதனைத் தெளிதல் வேண்டும். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் எல்லைக்குள் உள்ள பொதுத் தெருக்கள் அவ்வச் சபைகளின் பொறுப்பில் உள்ளவை. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. நம் மதிலுக்கு நேரே கிடக்கும் தெருத்துண்டு நம்முடையது என்று எந்த உறுதியும் சொல்வதில்லை. நாம் கட்டும் சோலைவரி வீட்டுக்கும் வளவுக்குமே கட்டப்படுவது. தெருவை அது நமக்கு வாங்கித் தருவதில்லை.

ஆகவே கசப்பான உண்மை ஒன்றை முதலிலேயே விழுங்கிக்கொள்ள வேண்டும். பொதுத் தெருவில், வாகனம் நிறுத்தலாகாது என்று விலக்கப்படாத இடத்தில், நம் படலையை மறையாமல் அயலவர் தம் வண்டியை நிறுத்தினால், அது நம் கண்ணுக்கு உறுத்தலாகலாம், குற்றமாகாது. நம் படலையை அடைத்து, நாம் போகவர முடியாதபடி நிறுத்தினால் அது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பாதிச் சண்டைக்கு வித்து. “என் வாசல்” என்று நாம் சொல்லும்போது படலையைச் சொல்கிறோமா, மதிலின் முழு நீளத்தையும் சொல்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

தனி ஒழுங்கைகளின் நீதி வேறு. ஒரு காணியைப் பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுக்கும்போது, உள்ளே இருக்கும் வளவுக்கெனப் பாதை விடுவது நம் வழக்கம். கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் நொத்தாரிசு உறுதியில் எழுதிவைப்பார். அவ்வாறு எழுதப்பட்ட வழி உரிமை செல்வதற்கான உரிமை. வேறு வகையாகச் சொல்லப்படாதவிடத்து, வழியை மறித்து நிற்பதற்கான உரிமை அன்று. பத்தாண்டுக்கு மேலாகத் தடையின்றி நடந்த வழியால் உரிமை பிறக்கலாம் என்பதை 1871ஆம் ஆண்டிலிருந்து நம் காலாவதிச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. பொதுத் தெருவிலே பத்தாண்டு காரை நிறுத்தியவருக்கு அவ்வண்ணம் ஓர் உரிமையும் பிறப்பதில்லை.

இஃதறியாதார் தெருவிலே கல் உருட்டி வைக்கின்றனர். உடைந்த கதிரையையும் பூச்சாடியையும் வைத்து இடம் பிடிக்கின்றனர். இது நம்மவர் கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்க நாட்டிலே சிக்காகோ, பொஸ்ரன் ஆகிய நகரங்களிற் கடும்பனி பொழிந்த பின்னர், தெருவோரப் பனியைத் தோண்டித் தம் காரை வெளியே எடுத்தவர்கள், அவ்விடத்திற் பழைய கதிரையொன்றைப் போட்டுவிட்டுச் செல்வதுண்டு. தோண்டியவனுக்கே இடம் என்பது அவர்களது வாதம். பொஸ்ரன் நகராட்சி இவ்வழக்கத்துக்கு ஓர் எல்லை கட்டிற்று. பனிக்கால நெருக்கடி நீங்கியபின் 48 மணி நேரம் வரைக்குமே கதிரைக்கு மதிப்பு. அதன்பின் தெரு மீண்டும் எல்லாருடையதுமாகிவிடும். உழைத்தவனுடைய களைப்புக்கு இரண்டு நாள் மதிப்பளித்து, மூன்றாம் நாளில் ஊருக்குரியதை ஊருக்கே மீட்டுக்கொடுத்த அறிவு பாராட்டத்தக்கது.

நம்மவர் வாகனம் நிறுத்துமிடத்துக்குத் ‘தரிப்பிடம்’ என்று பெயரிட்டிருப்பது மிகப் பொருத்தமான ஆட்சி. தரித்தல் என்பது சற்றுத் தங்குதல். வழிப்போக்கர் மடத்திலே தரித்துப் போவர். பஸ் வண்டி தரிப்பிடத்திலே தரித்துப் போகும். தரிப்பது வேறு, குடியிருப்பது வேறு. தெருவிலே மாதக்கணக்காக அசையாது நின்று, சில்லுக்குக் கீழே புல் முளைக்கவிட்ட வண்டியைத் தரித்து நிற்கும் வண்டி என்று தமிழறிந்தார் எவரும் சொல்லார்.

கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். அது வரும்போது ஊரே ஒதுங்கி வழிவிடும். வடம் பிடிக்க ஆயிரம் கை நீளும். அத்துணைப் பெருமை உடைய தேரும் வீதி சுற்றி வந்ததும் தன் தேர்முட்டிக்குப் போய்விடுகின்றது. இறைவனுடைய தேருக்கே நிற்பதற்கென ஓர் இடம் வகுத்தவர்கள் நம் முன்னோர். பாரி வள்ளல் முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுச் சென்றதைப் பழம்புலவர் புகழ்ந்தனர் என்று சிலர் சொல்லக்கூடும். பாரி அதனை விட்டுச் சென்றது காட்டுவழியில். ஒழுங்கை முகப்பிலே விட்டிருந்தால் முல்லைக்கொடி மகிழ்ந்திருக்கும். அயலட்டையார் என்ன சொல்லியிருப்பர் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

இனி, செய்வது யாது? தமிழிலே ‘முறை’ என்று ஒரு சொல் உண்டு. “அவர் உமக்கு என்ன முறை?” என்று கேட்டால் அது உறவைக் குறிக்கும். “இன்று தண்ணீர் இறைக்க யாருடைய முறை?” என்று கேட்டால் அது மாறிமாறி வரும் தடவையைக் குறிக்கும். “அரசனிடம் முறையிட்டான்” என்றால் அது நீதியைக் குறிக்கும். உறவு, தடவை, நீதி என்னும் மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கினர் நம்மவர். தெருவிலே வாகனம் நிறுத்தும் அயலவரோடு நடந்துகொள்ளும் வழியும் இம்மூன்றே. இவ்வரிசையிலேயே அவற்றைக் கைக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்பதை முதலில் எடுத்தவருக்கு மற்றையவை இரண்டும் பின்னர் அகப்படமாட்டா.

உறவுமுறை

‘அயல்’ என்னும் சொல் விந்தையானது. பக்கத்தில் உள்ளது என்றும் பொருள்; நம்மைச் சாராதது என்றும் பொருள். அயல்வீடு என்றால் அடுத்த வீடு. அயல்நாடு என்றால் பிறர் நாடு. பக்கத்து வீட்டுக்காரர் இவ்விரண்டனுள் எந்தப் பொருளில் நமக்கு அயலவர் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாம் அவருக்குச் சொல்லும் முதல் வார்த்தையே.

“இது ஆற்றை ஒழுங்கை எண்டு நினைச்சுக்கொண்டு வானை விட்டிருக்கிறீர்?” என்று தொடங்குபவர் வினாவைக் கேட்கவில்லை, போரை அறிவிக்கின்றார். அவ்வினாவுக்கு “உம்மடை அப்பற்றை ஒழுங்கையோ?” என்பதைத் தவிர வேறு விடை வாராது. அதனையே, “தம்பி, விடியக் காலமை ஆறு மணிக்கு நாங்கள் வெளிக்கிட வேணும், வானைக் கொஞ்சம் அங்காலை தள்ளி விட்டுத் தருவியளோ?” என்று கேட்டுப் பாருங்கள். தம்பி என்றழைக்கப்பட்டவர் அண்ணனாக நடந்துகொள்ள முயல்வார். வெட்கப்பட்டாவது வானை எடுப்பார். முறை சொல்லி அழைப்பது நம் நாட்டிலே வெறும் உபசாரம் அன்று. அஃது ஒருவரை அவருக்குரிய கடமைக்குள்ளே கொண்டுவந்து நிறுத்துவது.

காலமும் இடமும் அறிந்து சொல்லுதலும் வேண்டும். வெளியே புறப்படும் அவசரத்திலே படலையில் நின்று கத்துவது பயனற்றது. மாலையில், அவர் ஆறியிருக்கும் வேளையில், அவர் வீட்டு விறாந்தையில் இருந்து சொல்லுவது பயனுடையது. கண்ணாடித் துடைப்பானிலே கடதாசித்துண்டைச் செருகிவிட்டு வருவது வேண்டாம். எழுத்துக்குக் குரல் இல்லை. வாசிப்பவர் தம் மனத்திலுள்ள குரலை அதற்குக் கொடுத்துவிடுவார். மூன்றாமவர் வாயிலாகச் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். இங்கே புறப்பட்ட ஒரு சொல் அங்கே போய்ச் சேரும்போது மூன்றாகப் பெருகியிருக்கும். கைத்தொலைபேசியிற் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது எல்லாவற்றிலும் கேடு. மன்னிப்பதற்கு இருவர் போதும். ஊர் பார்த்துவிட்டால் இருவராலும் இறங்கிவர முடியாது.

சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும் ஒரு சண்டையே. அதன் விலையை அண்மையில் ஓர் ஒழுங்கையிலே கண்டேன். உள்ளே ஆறு வீடுகள். முகப்பு வீட்டார் தம் வானை ஒழுங்கையிலேயே விடுவர். கடைசி வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் அதைச் சொல்லவில்லை, பேச்சை நிறுத்திவிட்டனர். ஓராண்டு இவ்வாறு கழிந்தது. ஓரிரவு கடைசி வீட்டு அம்மையாருக்கு மூச்சுத் திணறிற்று. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தார்கள். இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையாகிய சுவசெரிய 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கி, 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கும் வந்தது. அது நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து, ஒழுங்கை முகப்பிலே நின்றது.

வானை எடுக்கச் சொல்லலாம் என்றால் முகப்பு வீட்டார் வவுனியாவுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தனர். திறப்பு அவர்களிடம். அவர்களுடைய தொலைபேசி இலக்கமோ கடைசி வீட்டில் ஒருவரிடமும் இல்லை. பேச்சு நின்ற ஓராண்டில் இலக்கமும் மாறியிருந்தது. இளைஞர் நால்வர் அம்மையாரைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, மதிலுக்கும் வானுக்கும் இடைப்பட்ட இடுக்கால், கதிரையைச் சரித்துச் சரித்துத் தூக்கிச் சென்றனர். அம்மையார் பிழைத்தார். இரண்டு நாளின் பின் வந்த முகப்பு வீட்டுக்காரர் செய்தி அறிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் திறப்பை இங்கே தந்துவிட்டுப் போயிருப்பேனே” என்று அவர் அழுததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் சொன்னது உண்மையே. ஆயினும், சொல்லாமலே அறியவேண்டிய ஒன்று, ஆறு வீட்டுக்குரிய வழியிலே வண்டியை நிறுத்திவிட்டுத் திறப்போடு வெளியூர் போகலாகாது என்பது. இருபக்கத்தாரும் தத்தமக்குரிய ஒரு சொல்லைக் கடன் வைத்திருந்தனர். அக்கடனைச் சுமந்தது அந்தக் கதிரை.

மாறுமுறை

கேட்டவுடன் எல்லாரும் இணங்கிவிடுவதில்லை. இடம் உண்மையிலேயே போதாமல் இருக்கலாம். இரண்டு வீட்டுக்கு இரண்டு வண்டி. தெருவில் ஒன்றுக்கே இடம். இங்கே தேவைப்படுவது பங்கு. பங்கிடும் வித்தை நமக்குப் புதிதன்று. ஒரு பங்குக் கிணற்றை நாலு தோட்டக்காரர் நாள்முறை வைத்து இறைத்து வந்தனர். தண்ணீர் ஒன்று, தாகம் நாலு. திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் மற்றவருக்கு என்று வைத்தபின் கிணற்றடியிற் சண்டைக்கு இடமில்லை. முறை தவறி இறைத்தவனை ஊர் பார்த்துக்கொள்ளும். கிணற்றுக்கு இயன்றது தெருவுக்கு இயலாதா? ஒரு கிழமை ஒருவர், மறு கிழமை மற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வேலைக்குப் போகிறவர் இரவில் இடம் விடலாம். முற்றம் பெரிதாக உள்ளவர் மதிலை இடித்துப் படலையை அகலப்படுத்தி, வண்டியை உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தை அளந்து இடத்தைப் பங்கிடலாம் என்பதை மேல்நாட்டார் ஓர் இயந்திரமாகச் செய்துவைத்தனர். அமெரிக்காவில் ஒக்லகோமா நகரிலே 1935 யூலையில், நாணயம் போட்டால் நேரம் காட்டும் தரிப்புமானி முதன்முதலாக நாட்டப்பட்டது. கடைத்தெருவில் விடியற்காலையில் வண்டியை நிறுத்தியவர் மாலைவரை எடுக்காதிருந்தமையே அதற்குக் காரணம். ஒருவருடைய நாள் முழுவதையும் பலருடைய மணிகளாகப் பிரித்துவைத்தது அப்பொறி. அயலவர் இருவருக்கிடையே நாணயப் பொறி வேண்டியதில்லை; நாணயம் ஒன்றிருந்தாற் போதும்.

மாறுமுறையின் உயிர் முன்னறிவித்தல். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே, காணியை விற்க விரும்புபவர் உரித்தாளர், பங்காளர் முதலியோருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும் என்ற விதி உண்டு. தன் காணியை விற்பதற்கே சொல்லிவிட்டுச் செய் என்று கட்டளையிட்ட சமுதாயம் நம்முடையது. மகளுக்குக் கலியாணம், வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகை, வீடு திருத்த மணல் பறிக்கும் லொறி, இவை வருமுன் அயலட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவதற்கு என்ன செலவு? “நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஒழுங்கை கொஞ்சம் நெருக்கமாயிருக்கும், குறை நினையாதையுங்கோ” என்று சொன்னவரைக் குறை நினைத்தவர் இல்லை. சொல்லாதவரைக் குறை நினையாதவரும் இல்லை.

நம்மவருக்குத் தெருவைப் பங்கிடத் தெரியாது என்று எவரேனும் சொல்வாராயின், அவரை நல்லூருக்கு அழைத்துச் செல்லலாம். ஆண்டுதோறும் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நடைபெறும்போது, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுகின்றது. அவ்வீதிகளிற் குடியிருப்போர் தம் வாசலுக்குத் தம் வண்டியைக் கொண்டுசெல்வதிலும் இடர்ப்படுகின்றனர். முணுமுணுப்போர் அரியர். இடம் எல்லாருக்கும் பொதுவானதொன்றுக்கு விடப்படுகின்றது என்று மனம் ஒப்பிவிட்டால் இடர் சுமையாவதில்லை. செத்தவீட்டிலும் அவ்வாறே. ஓராண்டு பேசாதிருந்தவரும் அன்று தம் படலையைத் திறந்து, வந்தவருடைய வண்டிகளை வளவுக்குள்ளே விடச் சொல்வார். சாவுக்குத் திறக்கும் படலை வாழ்வுக்கும் சற்றுத் திறந்தால் என்ன?

பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடத்தைக் கண்டவர்கள் அறிவர். தெருவுக்கு மேலே கூரை, இருமருங்கும் திண்ணை, நடுவே தெரு. களைத்து வந்தவர் திண்ணையில் இருந்து இளைப்பாறினர். போகவேண்டியவர் நடுவாற் போயினர். நிற்பவனுக்கும் இடம், போகிறவனுக்கும் வழி, ஒன்றையொன்று மறிக்கவில்லை. அக்கட்டடத்தைச் சமைத்தவர் போக்குவரத்துச் சட்டம் எதுவும் படித்திருக்கமாட்டார். தெருவிலே தரிப்பது எப்படி என்பதை அவர் கல்லிலே எழுதிவைத்துப் போயிருக்கின்றார்.

நீதிமுறை

உறவு சொல்லியும் கேளாதவர், பங்குக்கும் இணங்காதவர் சிலர் இருக்கவே செய்வர். அவர்கள்பொருட்டே மூன்றாம் முறை. இதனிற் கையைக் கூசவேண்டியதில்லை. ஆயின் தன் கையாலே நீதி செய்யப் புகலாகாது. சில்லிற் காற்றைத் திறந்துவிடுதல், ஆணியாற் கீறுதல், வண்டிக்குப் பின்னே கல்லை அடுக்குதல் முதலியவற்றாற் குற்றம் கைமாறிவிடும். அதுகாறும் முறைப்பாட்டுக்காரராக இருந்தவர் அன்றுமுதல் எதிரியாக நிற்பார்.

முதற்படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில் ஊரறிந்த பெரியோர் மூவர் இருந்து இருதரப்பையும் கேட்பர். சட்டத்தரணிகள் அங்கே வாதாடுவதில்லை. அயலவர் இருவரும் தம் வாயாலேயே பேசவேண்டும். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கம் காணத் துணைசெய்வர். சிறு வழக்குகள் பலவற்றை இச்சபையின் சான்றிதழின்றி நீதிமன்றுக்குக் கொண்டுசெல்ல முடியாது. படலையை அடைத்து நிற்கும் வண்டியை உடனே அகற்றவேண்டுமாயிற் பொலிசாரிடம் முறையிடலாம். தெருவில் இடைஞ்சலாக நிறுத்தப்பட்ட வாகனத்தின்மேல் நடவடிக்கை எடுக்க 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இடந்தருகின்றது. பொதுத் தெருவை மறித்துக் கல்லும் மண்ணும் குவித்தவரைப்பற்றி உள்ளூராட்சிச் சபைக்கு எழுதலாம்.

தனி ஒழுங்கை வழக்குக் கைகலப்பாக முற்றும் நிலையில், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உதவும். பொலிசார் விடயத்தை நீதிமன்றுக்கு அறிவிப்பர். அமைதி குலையாதபடி நீதிமன்று இடைக்காலக் கட்டளை இடும். உரிமை யாருடையது என்ற முடிவான தீர்ப்புக்கு அதன்பின்னும் குடியியல் வழக்கு உண்டு. அங்கே நுழைபவர்கள் வேலிச் சண்டைக்காரர் நடந்த பழைய பாதையையே மிதிக்கின்றனர் என்பதை நினைவிற் கொள்வாராக.

தண்டனை கடுமையாக இருந்தால் எல்லாரும் திருந்திவிடுவர் என்பார் உளர். கி. மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் செனகரிபு தன் தலைநகராகிய நினிவேயில் அரச வீதியை அகலப்படுத்தினான். வீட்டைப் புதிதாகக் கட்டி அவ்வீதியை நெருக்குபவன் தன் வீட்டின்மேலேயே கழுவேற்றப்படுவான் என்று கல்லிலே பொறித்தும் வைத்தான். அதனினும் கடுமையான அறிவித்தற் பலகை உலகிலே எழுந்ததாகத் தெரியவில்லை. இந்நாளில் யப்பானியர் அச்சுறுத்தலினும் முன்யோசனையை நம்பினர். 1962ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய சட்டப்படி, கார் வாங்குபவர் அதனை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்பதை முன்னரே காட்டிச் சான்று பெறவேண்டும். அவ்விடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். இரவு வேளையில் எட்டு மணி நேரம் தெருவில் ஒரே இடத்தில் வண்டியை விடுதல் அங்கே குற்றம். தேர் செய்யுமுன் தேர்முட்டியைக் காட்டு என்பதுதான் அச்சட்டத்தின் சாரம்.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. வருமென்று காத்திருப்பதும் வேண்டாம். கார் வாங்க எண்ணுகின்றவர் அதன் நிறத்தையும் விலையையும் ஆராய்வதோடு, மாலையிலே அது எங்கே நிற்கும் என்பதையும் அளவுகோல் எடுத்து ஒருமுறை அளந்து பார்ப்பாராக. ஏற்கெனவே வாங்கியவர் தம் தொலைபேசி இலக்கத்தை அயலட்டைக்குக் கொடுத்துவைப்பாராக. வெளியூர் போகும்போது வண்டியை வளவுக்குள்ளே விட்டுச் செல்வாராக. வளவில் இடமில்லையாயின் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் போவாராக. மதிலுக்கு அப்பால் நிற்கும் வண்டியைக் கண்டு மனம் புழுங்குகின்றவர், இன்று மாலையே போய் அயலவரை முறை சொல்லி அழைப்பாராக. வீட்டை விற்றுவிட்டுப் போனாலன்றி அயலை மாற்ற முடியாது. வண்டியையோ, பத்தடி தள்ளி விடலாம்.